மூன்று பாய் தூரம்

இஹேய் எடோவில் இருந்தவரை அவன் குறி தவறியதாக ஒருவரும் சொன்னதில்லை. அவன் ஆயுதம் ஒரு சாண் நீள இரும்பாணி. ஷூரிகென் என்பார்கள். அதை வைத்து யாரைக் கொல்ல முடியும் என்று இளப்பமாகப் பேசும் வாள்காரர்கள் உண்டு. கொல்வதற்கென்று அதை எவன் எறிகிறான்? கண்ணிலோ மணிக்கட்டிலோ தைத்தால், எதிராளி வாளை உருவ ஒரு மூச்சு தாமதமாகும். அந்த ஒரு மூச்சுக்குத்தான் அத்தனை பாடும்.

அதை நம்பித்தான் அவன் பன்னிரண்டு நாள் நடந்து கியோத்தோவுக்கு வந்திருந்தான். தங்கை நுயியின் கணவன் மொன்யா, பிரபுவைக் குறை சொல்லி மனு எழுதிவிட்டு, உத்தரவில்லாமல் ஊரைவிட்டு வந்தவன். பிடித்து வரச் சொல்லி ஆணை. வாளை உருவினால் அங்கேயே வெட்டிப்போடவும் ஆணை. உயிரோடு பிடிபட்டால் வீட்டுக்காவலோடு போகும். ஆனால் மொன்யாவுக்குக் கோபம் மூக்கின் மேல் இருக்கும். உருவாமல் இருக்கிற ஆளில்லை.

பிடிக்க வந்த கூட்டத்துக்குத் தலைவர் மியோஷி. அவரிடம் இஹேய் வழியெல்லாம் கெஞ்சிக்கொண்டே வந்தான்.

"ஐயா, முதல்ல நான் மட்டும் உள்ள போறேன். என் மாப்பிள்ளைதானே, உயிரோட கூட்டிட்டு வந்துடறேன்."

"போ, வேணாங்கல. ஆனா வாள் உருவுற சத்தம் கேட்டுச்சுன்னா, என் ஆளுங்க உன்னைக் கேட்டுக்கிட்டு நிக்க மாட்டாங்க."

வந்து சேர்ந்த அன்றே, தோஃபு விற்கிறவன் மூலமாக இஹேய் தங்கைக்குச் சேதி அனுப்பினான். நாளைக் காலையில் நான் வருவேன். நான் கதவோரம் உட்காருவேன், அவரை என்னிடமிருந்து மூன்று பாய் தள்ளி உட்கார வை. உருவப் போனால் மணிக்கட்டில் ஆணி இறங்கும். கை போனாலும் உயிர் நிற்கும். தங்கையிடமிருந்து ஒரே வார்த்தை வந்தது: சரி.

மூன்று பாய் என்பது அவன் கைக்கணக்கு. ஆணியின் முனை மேல்நோக்கி இருக்க உள்ளங்கையில் பிடித்து எறிந்தால், பறக்கும்போதே மெல்லச் சாய்ந்து, இலக்கை எட்டும் நேரத்தில் முனை முன்னால் வந்திருக்கும். கிட்டத்தில் எறிய ஒரு பிடி, எட்டத்தில் எறிய விரற்கடை தள்ளி ஒரு பிடி. பயிற்சிக் கூடத்தில் தரை முழுக்க ஒரே அளவில் பதித்திருக்கும் பாய்களின் ஓரப்பட்டையை எண்ணித்தான் பிடியை மாற்றுவார்கள். இருபது வருஷமாக அவன் கை அப்படித்தான் எண்ணி வந்திருக்கிறது.

மறுநாள் காலை விடாத மழை. இஹேயின் நீள வாளை வாசலிலேயே நுயி இரு கைகளாலும் வாங்கிக்கொண்டாள். அண்ணன் முகத்தை அவள் பார்க்கவில்லை. உள்ளே மொன்யா, வாளை இடப்பக்கம் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். கதவோரம் உட்கார்ந்த இஹேய் பாய்ப்பட்டைகளை எண்ணினான். ஒன்று, இரண்டு, மூன்று. மனம் கொஞ்சம் ஆறியது.

"வாங்க மச்சான். எடோ சோறு உடம்புல ஒட்டலயா? எலும்பும் தோலுமா வந்து நிக்கிறீங்க."

"நடந்து வந்த களைப்பு மாப்ள. உங்களைக் கையோட கூட்டிட்டுப் போகத்தான் வந்தேன்."

"கயிறு உங்ககிட்ட இருக்கா, வாசல்ல நனையறாங்களே அவங்ககிட்ட இருக்கா?"

"விளையாடாதீங்க. மனுவை நான் எழுதலன்னு ஒரு வார்த்தை சொல்லுங்க. மீதியை நான் பாத்துக்கறேன்."

"எழுதினதை எழுதலன்னு சொல்லவா? தலைக்கு மேல வெள்ளம் போயாச்சு மச்சான். இனி சாண் போனா என்ன, முழம் போனா என்ன." மொன்யா சிரித்தான். பிறகு குரல் இறங்கியது. "நுயியை மட்டும் கைவிட்டுடாதீங்க."

அவன் கை வாளின் பிடிக்குப் போனது. இஹேய் எறிந்தான்.

கையை விட்டுப் போனதுமே ஏதோ சரியில்லை என்று அவனுக்குத் தெரிந்துவிட்டது. முனை தைக்க வேண்டிய இடத்தைத் தாண்டியும் ஆணி சாய்ந்துகொண்டே போயிற்று. மணிக்கட்டில் பக்கவாட்டில் பட்டு, குச்சியைப் போலப் பாயில் விழுந்தது. மொன்யா அதைப் பார்த்தான், மச்சானைப் பார்த்தான், வாளை உருவினான். காகிதக் கதவைக் கிழித்துக்கொண்டு ஈட்டிகள் வந்தன. எதிர்த்து ஒரு வீச்சு வீசக்கூட அவனுக்கு நேரம் கொடுக்கவில்லை.

எல்லாம் அடங்கிய பிறகுதான் இஹேய் தன் காலடியைப் பார்த்தான். பாயின் ஓரமாக அடி வைத்து அளந்தான். எடோ பாயைவிடக் கியோத்தோ பாய் நீளம், ஒன்றுக்கு முக்கால் சாணுக்குக் கொஞ்சம் குறைவாகக் கூடுதல். மூன்று பாய்க்கு ஒரு முழம் கூடிவிடும். அவனுக்குத் தெரியாத சங்கதியா? எடோக்காரன் தன் ஊர்ப் பாயில் படுத்தால் கால் வெளியே போகும் என்று கியோத்தோக்காரர்கள் கேலி பண்ணுவதைக் கேட்டு அவனே சிரித்திருக்கிறான். முந்தைய இரவு கோயில் மண்டபத்துப் பலகையில் படுக்காமல் ஒரு பாயில் படுத்திருந்தால்கூட உறைத்திருக்கும். தலைக்குத் தெரிந்தது கைக்குத் தெரியவில்லை, பாவி.

மியோஷி அவன் தோளைத் தட்டினார். "சொந்தம்னு பாக்காம முதல் அடி நீ அடிச்ச. பிரபுகிட்ட நானே சொல்றேன்." அவர் சொன்னது நுயியின் காதிலும் விழுந்தது.

அவள் கணவன் தலையை மடியில் வைத்து, ஈரத்துணியால் முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்தாள். இஹேய் பக்கத்தில் மண்டியிட்டான்.

"நுயி, கைக்குத்தாம்மா எறிஞ்சேன். இந்த ஊர்ப் பாய் நீளம். எனக்கு அந்த நேரத்துல..."

"நீ சொன்ன இடத்துலதான் அவருக்கு மெத்தை போட்டேன்ண்ணா." குரலில் கோபமே இல்லை, அதுதான் அவனுக்குத் தாங்கவில்லை. "'ஏன் இவ்வளவு தள்ளிப் போடற, மச்சான் பேசறது காதுல விழ வேணாமா'ன்னு கேட்டாரு. 'அந்தப் பக்கம் ஒழுகுது, இங்கயே உக்காருங்க'ன்னு சொன்னேன்."

துணியை மடித்து, கறைபடாத பக்கத்தால் மறுபடி துடைத்தாள்.

"நிமிர்ந்து கூரையைக்கூடப் பாக்கலண்ணா. நான் சொன்னேன்னு உக்காந்துட்டாரு."