இரண்டாவது கிளட்ச்

ஒச்சாயி வாங்கியிருந்த பழைய காரைத் தாமரைச்செல்வி மூன்றாவது முறையாகச் சுற்றி வந்தாள். முன் டயரைக் கட்டைவிரலால் அழுத்தினாள். பள்ளத்தில் சிக்கியிருந்த சரளைக்கல்லைச் சாவி முனையால் நெம்பி எடுத்தாள்.

"காத்து எம்புட்டுக்கா வச்சிருக்கீக?"

"நீ சொன்ன முப்பத்திரெண்டுதான். ஏறு டீச்சரம்மா. டயருக்கு என்ன பிரசவமா பாக்கப்போற?"

ஒச்சாயி நர்ஸ். அவள் வாயில் பிரசவம் வராமல் ஒரு பேச்சும் முடியாது. தாமரையைவிடப் பதினைந்து வயது மூத்தவள். ஆனாலும் கார் ஓட்டக் கற்றுக்கொண்ட நாளிலிருந்து "டீச்சரம்மா"தான். கே.கே. நகரில் ஒன்பது வருஷமாகப் பெண்களுக்குக் கார் ஓட்டச் சொல்லிக் கொடுக்கிறாள் தாமரை. டயரைப் பார்க்காமல் கதவைத் தொடாதே என்பது அவளது முதல் பாடம். இன்று அவள் டயரைப் பார்க்கவில்லை, ஏறுவதைத் தள்ளிப்போட்டுக்கொண்டிருந்தாள். ஓட்டுநர் பள்ளிக் காரில் இடது இருக்கைக்குக் கீழேயும் ஒரு கிளட்ச், ஒரு பிரேக் உண்டு. இந்தக் காரில் அங்கே வெறும் ரப்பர் விரிப்புதான்.

தாமரை செய்த காரியம் இதுதான். முதல் வாரம் ஓர் ஏற்றத்தில் வண்டி அணைந்து, பின்னால் லாரிகள் அலற, ஸ்டியரிங்கில் தலைசாய்த்து அழுதாள் ஒச்சாயி. திருமங்கலத்துக்குத் தெற்கே ஒரு கிராமத்துக்கு மாற்றல். ஒரு நாளைக்கு இரண்டே பஸ். "இது எனக்கு வராது தாயி" என்றாள். மறுநாள் அதே ஏற்றத்தில் தாமரை இடது செருப்பைக் கழற்றிவிட்டு, தன் பக்கத்துக் கிளட்சை ஓசையில்லாமல் மிதித்துக்கொண்டாள். ஒச்சாயி அவசரமாகக் காலை எடுத்தாலும் கிளட்ச் மெதுவாகவே எழுந்தது. வண்டி குலுங்காமல் ஏறியது. தாமரை கைதட்டினாள். அப்போது ஒச்சாயியின் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும் நீங்கள்! அந்தச் சிரிப்பைப் பறிக்க யாருக்கு மனசு வரும்? இன்றைக்கு மட்டும் என்றுதான் நினைத்தாள். பிறகு ஏற்றம் வந்தபோதெல்லாம் கால் தானாகப் போனது. தேர்வு நடந்த மைதானத்தில் ஏற்றமே இல்லை. லைசென்ஸ் வந்துவிட்டது.

கப்பலூர் வரை ஒச்சாயி நன்றாகவே ஓட்டினாள். வழியெல்லாம் உண்மையைச் சொல்லிவிட நினைத்தாள் தாமரை. "அக்கா" என்பாள், ஒச்சாயி திரும்புவாள், "ரோட்டப் பாருங்க" என்று முடித்துக்கொள்வாள்.

பாலத்து ஏற்றத்தில் போக்குவரத்து நின்றது. பின்னால் ஒரு பைக், பெட்ரோல் டேங்கின் மேல் குழந்தை. முன்னால் வண்டிகள் நகர்ந்தன. ஒச்சாயி காலை வெடுக்கென்று எடுத்தாள். வண்டி ஒரு துள்ளு துள்ளி அணைந்து, பின்னால் உருண்டது. தாமரையின் இடது கால் விரிப்பை ஓங்கி மிதித்தது. அங்கே ஒன்றுமில்லை. பைக்காரன் கத்தினான். தாமரையின் கை எட்டி ஹேண்ட்பிரேக்கை இழுத்தது.

"என்ன டீச்சரம்மா, பழகுன காலு மறந்துபோச்சே?"

"ஒங்க காலு மறக்கலக்கா. ஏத்தத்துல மிதிச்சதெல்லாம் எங்காலு."

ஒச்சாயி குனிந்து பார்த்தாள். விரிப்பின் மேல் செருப்பில்லாத இடது கால். பக்கத்தில் கழன்று கிடந்த செருப்பு.

"அம்புட்டு நாளுமா?"

தாமரை தலையசைத்தாள்.

"கைதட்டுனியேடி." குரல் உயரவில்லை. "நாளைக்கு ஒரு புள்ளத்தாச்சிய ஏத்திக்கிட்டு இதே பாலத்துல வந்திருப்பேனே. எறங்கு."

தாமரை இறங்கினாள். பைக்காரனைத் தள்ளிப் போகச் சொன்னாள். எந்த லாரிக்காரன் பஞ்சர் பார்த்துவிட்டுப் போட்டுப்போன கல்லோ, கைப்பிடிச் சுவரோரம் கிடந்தது. எடுத்துப் பின் டயருக்கு அடியில் செருகினாள். ஜன்னலருகே வந்தாள்.

"கல்லு வச்சிருக்கேன், உருளாது. கிளட்ச இம்மி இம்மியா விடுங்க. வண்டி நடுங்கும். நடுங்குனதும் கால அங்கயே நிறுத்தி, ஹேண்ட்பிரேக்க விட்டு, ஆக்சிலேட்டரக் குடுங்க."

ஒச்சாயி அவளைப் பார்க்கவில்லை. முதல் தடவை அணைந்தது. டயர் கல்லில் சாய்ந்தது. இரண்டாவது தடவையும் அணைந்தது. பின்னால் ஹாரன்கள். மூன்றாவது தடவை கார் நடுங்கியது, நடுங்கிக்கொண்டே நின்றது. டயருக்கும் கல்லுக்கும் நடுவே ஒரு விரல் இடைவெளி விழுந்தது. பிறகு ஒரு சாண்.

கார் ஏறிப்போய் உச்சியைத் தாண்டி மறைந்தது. அந்தப் பக்கம் நின்றிருக்கிறதா, போய்விட்டதா, இங்கிருந்து தெரியவில்லை. கல்லை எடுத்து ஓரத்தில் வைத்தாள் தாமரை. இடது செருப்பு காரோடு போயிருந்தது. கொதிக்கிற தாரில் அந்தக் கால் மட்டும் இன்னும் எதையோ அழுத்திக்கொண்டிருந்தது.