என் காலுக்குப் பதிலாக ஒரு தெரு

1

ஒப்புக்கொண்டுவிடுகிறேன். இந்தக் கதை ஒரு மருந்துச் சீட்டின் பின்பக்கத்தில் தொடங்கியது. முன்பக்கத்தில் பிசியோதெரபிஸ்ட் ஸ்வேதா, நாலிலிருந்து ஆறு வாரம் ஓடக் கூடாது என்று எழுதியிருந்தார். அந்த நேரத்தில் என்ன செய்வது என்று கேட்டேன். "எழுதிட்டு வாங்க" என்றார். எப்போது வலிக்கிறது, எவ்வளவு நேரம் வலிக்கிறது என்று குறித்து வரச் சொல்லியிருக்கிறார். அது அடுத்த வாரம்தான் புரிந்தது. அதற்குள் ஒன்றரைப் பக்கம் கதையாகிவிட்டது.

முதல் தொடக்கம்: "பனி மூடிய ஏரிக்கரையில் அவன் ஓடிக்கொண்டிருந்தான்." அடித்துவிட்டேன். கொடைக்கானலைப் பற்றி யார் எழுதினாலும் முதல் வரியில் பனி வந்துவிடுகிறது. இங்கே குடியிருப்பவனுக்குப் பனி என்றால் துணி காயாது, அவ்வளவுதான்.

இரண்டாம் தொடக்கம்: "வலது காலில், முழங்காலுக்குக் கீழே, முன்எலும்பின் உள் ஓரத்தில் நாலு விரல் நீளத்துக்கு வலித்தது." இது உண்மை. இருக்கட்டும்.

மூன்றாம் தொடக்கம்: "என் மனைவி சத்தியபிரியா இறந்து

2

விவரங்களை ஒரே இடத்தில் வைத்துவிடுகிறேன். பிறகு தேட வேண்டாம்.

எனக்கு முப்பத்தொரு வயது. தோட்டக்கலைத் துறையில் வேலை. கிளாவரை கிராமம் வரை போய்ப் பூண்டு வயல்களில் நோய் விழுந்திருக்கிறதா என்று பார்ப்பது என் சோலி. நாயுடுபுரத்தில் வாடகை வீடு. சத்தியபிரியா தினமும் ஓடுகிறவள். நான் அவள் ஓடி முடித்து வரும்வரை தூங்குகிறவன்.

அவள் கையில் ஒரு கடிகாரம் இருந்தது. தினமும் ஐந்து கிலோமீட்டர் போனால் தொடர்ந்து நாள்களை எண்ணும். ஒரு நாள் தவறினால் மறுபடி ஒன்றிலிருந்து. அவள் நூற்று எழுபத்து நான்கு வரை வந்திருந்தாள். பிறகு காய்ச்சல். மதுரை. ஒன்பது நாள்.

சேர்த்த அன்று நர்ஸ் கடிகாரத்தைக் கழற்றி என்னிடம் கொடுத்தார். தொலைந்துவிடும் என்று கையில் கட்டிக்கொண்டேன். வராந்தாவில் நடந்துகொண்டே இருந்தேன். கடிகாரத்துக்கு ஆள் வித்தியாசம் தெரியாது. எண்ணிக்கொண்டே வந்தது. "நூற்று எண்பத்து மூன்று. அருமை, சத்தியபிரியா" என்று அது ஆங்கிலத்தில் பாராட்டிய அன்று பிற்பகல்

(இந்த வாக்கியத்தின் மிச்சம் உங்களுக்குத் தெரியும்.)

மறுநாள் சுடுகாட்டுக்குப் போய்வந்த தூரமும் எண்ணிக்கையில் சேர்ந்தது. அதற்கடுத்த நாள் காலை ஐந்தே காலுக்குக் கடிகாரம் மணிக்கட்டில் அதிர்ந்தது. எனக்கு அதை நிறுத்தத் தெரியவில்லை. எழுந்துபோய் ஏரியைச் சுற்றி ஓடினேன். முடித்ததும் திரையில் அவள் பெயர் வந்தது. இப்போது நிறுத்தத் தெரியும். நிறுத்தவில்லை.

இந்தக் கதையில் பணயம் அந்த எண்தான். வேறு எதையும் தேட வேண்டாம்.

3

நானூற்று இரண்டாம் நாள், மார்கழி முடிகிற சமயம், கால் என்னை விட்டுவிட்டது.

காரணம் ஒன்றல்ல, பல. தேய்ந்த ஷூ. இறக்கத்தில் தடதடவென்று இறங்கும் பழக்கம். ஏழு வருடம் ஓடிப் பழகியவளின் வேகத்தில், ஒரு நாளும் ஓடாதவன் முதல் நாளிலிருந்தே ஓடியது. ஸ்வேதா எலும்பின் ஓரமாகவே விரலால் அழுத்திக்கொண்டு போனார். ஒரு இடத்தில் நான் கட்டிலின் விளிம்பைப் பிடித்தேன்.

"ஷின் ஸ்ப்ளின்ட்ஸ். இன்னும் ஓடுனீங்கன்னா எலும்புல கீறல் விடும். ஸ்கேன்ல பாத்துட்டு அப்புறம் மூணு மாசம் படுக்கணும். பத்துக்கு எத்தனை மார்க் வலிக்குது?"

தெரியவில்லை என்றேன்.

"பத்துன்னா, உங்க லைஃப்ல ரொம்ப வலிச்சது. அதை வெச்சுக் கம்பேர் பண்ணிச் சொல்லுங்க."

யோசித்தேன். அந்தப் பத்து வலித்ததா என்றே எனக்கு நினைவில்லை. நாலு என்றேன்.*

ஐஸ் வைக்கச் சொன்னார். எங்கள் தொட்டித் தண்ணீரை விடிகாலையில் தொட்டுப் பார்த்தவர்கள் ஐஸை வெந்நீர் என்பார்கள். வாளியில் காலை விட்டுக்கொண்டேன். படி விளிம்பில் நின்று குதிகாலைத் தூக்கி இறக்கச் சொன்னார், பதினைந்து தடவை, மூன்று முறை. குதிகாலை ஊன்றி விரல்களைத் தூக்கி நடக்கச் சொன்னார். புது ஷூ வாங்கச் சொன்னார். எல்லாம் செய்துவிடலாம். ஓடக் கூடாது, நீண்ட தூரம் நடக்கவும் கூடாது என்றாரே, அதுதான்.

* இளம் பெண் பிசியோதெரபிஸ்ட், மனைவியை இழந்த இளைஞன். நீங்கள் நினைப்பது நடக்காது. ஸ்வேதாவுக்கு இரண்டு பிள்ளைகள். கதையில் வருகிறீர்கள் என்று சொன்னபோது, "என்னை லவ் பண்ண வெச்சுராதீங்க சார், வீட்டுக்காரர் படிப்பாரு" என்றார்.

4

இப்போது பாப்பம்மாள். அடுத்த வீடு. பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் மலைப்பூண்டு விற்கிறார். வயது அறுபதுக்குக் கிட்டே.

நான் வாளிக்குள் காலை வைத்துக்கொண்டு வாசலில் உட்கார்ந்திருந்தேன். மணி ஆறு. பூண்டு காய்ச்சிய எண்ணெயோடு வந்தார். எண்ணெய் சூடு, தண்ணீர் ஐஸ், கால் ஒன்று. நவீன மருத்துவத்துக்கும் பூண்டுக்கும் நடுவில் மாட்டிக்கொண்டேன்.

"வேண்டுதல்ல இருக்கும்போது கால் இப்பிடி ஆகிப்போச்சே தம்பி" என்றார்.

எந்த வேண்டுதல் என்று நான் கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை. பிறகுதான் தெருவின் பார்வையில் என்னைச் சேர்த்துப் பார்த்தேன். ஏழு மாதத் தாடி (சவரம் செய்யத் தோன்றவில்லை). பச்சைச் சட்டை, பச்சை முழுக்கால் சட்டை (சத்தியபிரியா தள்ளுபடியில் வாங்கியது). கறி, மீன் கிடையாது (சமைக்கத் தெரியாது, தயிர்சாதம்). யாரோடும் பேச்சில்லை. தினமும் வெள்ளனே எழுந்து ஒரு சுற்று. பழனி பக்கத்து ஊரில் இதற்கு ஒரே பொருள்தான். முருகனுக்கு நேர்ந்துகொண்டவன்.

மலையேறாமல் ஏரியைச் சுற்றுவது ஏன் என்பதற்கும் அவர்களே விடை வைத்திருந்தார்கள். துக்கம் நடந்து வருசம் திரும்பாமல் மலைக்கோயிலுக்குப் போகக் கூடாது. "அதான் தம்பி கிரிவலத்துக்குப் பதிலா ஏரியச் சுத்துது" என்று பாப்பம்மாள் தெருவுக்கே விளக்கியிருந்தார். ஓட்டையே இல்லாத கதை. என்னுடையதைவிட நன்றாக இருந்தது.

மறுத்துச் சொல்ல வாயைத் திறந்தேன். மறுத்தால் உண்மையைச் சொல்ல வேண்டும். கடிகாரத்தைத்தான் காட்டினேன். "இது எண்ணும். ஒரு நாள் விட்டாலும் எல்லாம் போயிரும்."

"காப்பு" என்றார் பாப்பம்மாள். நேர்ந்துகொண்டவர் கையில் கட்டும் காப்பு. அவருக்கு அதற்குமேல் விளக்கம் தேவைப்படவில்லை. "முடியாதவங்களுக்காக ஒறவுக்காரங்க செய்யலாம். ஒனக்கு இங்க யாரு இருக்கா? தெருதான் இருக்கு. கழட்டு."

கழற்றினேன். கண்ணில் ஒற்றிக் கட்டிக்கொண்டார்.

5

நானூற்று மூன்றாம் நாள் பாப்பம்மாள் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு ஏரியைச் சுற்றினார். நானூற்று நான்கு, பால்காரர் திருமலைச்சாமி. நானூற்று ஐந்து, ஜீப் ஓட்டும் மாடசாமி. பிறகு வரிசை வைத்தார்கள். விதிகள் தாமாக முளைத்தன. காப்புக் கட்டியவர் அன்று செருப்புப் போடக் கூடாது. கறி தின்னக் கூடாது. வீட்டில் சண்டை போடக் கூடாது. கடைசி விதியால் வரிசையில் சேரத் தெருவில் போட்டி வந்தது. மனைவிமார்கள் புருசன்மார்களின் பெயரைக் கொடுத்துவிட்டுப் போனார்கள்.

மாலையில் கடிகாரம் சார்ஜ் போட என் வீட்டுக்கு வரும். அதோடு புகார்களும் வரும். குதிரைக்காரர்கள் வழி விடுவதில்லை. வாடகை சைக்கிளில் வரும் சுற்றுலாக்காரர்கள் பாப்பம்மாளோடு படம் எடுத்துக்கொள்கிறார்கள். திருமலைச்சாமிக்கு முன்எலும்பு வலிக்கிறது. அவருக்குப் படியில் குதிகால் தூக்கக் கற்றுக் கொடுத்தேன். பால் கேனைப் பிடித்துக்கொண்டு பதினைந்து தடவை தூக்கி இறக்கினார்.

நான் வாசலில் உட்கார்ந்திருந்தேன். வாளி, எண்ணெய், படி. இரண்டாம் வாரம் ஸ்வேதாவிடம் மூன்று என்றேன். மூன்றாம் வாரம் ஒன்று. கால் ஆறிக்கொண்டு வந்தது. எனக்கு அது அவ்வளவு பிடிக்கவில்லை.

(இந்த வரியை இரண்டு முறை அடித்தேன். அடித்த இடத்திலேயே மறுபடி எழுதியிருக்கிறேன்.)

6

மாடசாமியைப் பற்றி எனக்குச் சந்தேகம் உண்டு. ஆளைப் பற்றி அல்ல, கதாபாத்திரத்தைப் பற்றி. இவ்வளவு நல்லவரை எழுதினால் வாசகர் நம்புவாரா? ஒரு குறை வைக்கலாம் என்று நினைத்தேன். அவரே ஒன்று கொடுத்தார்.

சனிக்கிழமை கன்னிவாடியில் அக்கா மகளுக்குக் காதுகுத்து. கிடாவெட்டு. தாய்மாமன் முறைக்காரர் சாப்பிடாமல் எழுந்திருக்க முடியாது. நன்றாகவே சாப்பிட்டார். (கிடா என்று போட வேண்டாம், கோழி என்று போடுங்கள் என்று கேட்டுக்கொண்டார். மன்னிக்கவும் மாடசாமி.) ஞாயிற்றுக்கிழமை அவர் முறை.

கறி தின்ற உடம்பில் காப்புக் கட்டலாமா? யாரிடமும் கேட்கவில்லை. கடிகாரத்தை ஜீப்பின் முன்பலகையில், முருகன் படத்துக்கு முன்னால் வைத்தார். ஒரு செவ்வந்திப் பூவும் வைத்தார். ஜீப்பைப் பூட்டிவிட்டு வெறுங்காலில் ஏரியைச் சுற்றினார். ஒரு சுற்று வேண்டுதலுக்கு, ஒரு சுற்று கிடாவுக்கு. பத்துக் கிலோமீட்டர். தொடக்கத்திலிருந்து யாரும் அவ்வளவு தூரம் போனதில்லை.

கடிகாரம் பூவோடு ஜீப்பில் உட்கார்ந்திருந்தது.

அன்று மாலை அதை எனக்கு அனுப்பவில்லை. தீட்டுக் கையால் எதற்கு இன்னொரு முறை தொடுவது என்று, காலையில் வண்டியிலிருந்து நேராக எடுத்துக்கொள்ளும்படி பாப்பம்மாளிடம் சொல்லிவிட்டார். சார்ஜ் இரண்டு நாள் நிற்கும் என்று நானும் விட்டுவிட்டேன்.

திங்கட்கிழமை பாப்பம்மாள் சுற்றி முடித்து நேராக என் வாசலுக்கு வந்தார். முகமெல்லாம் சிரிப்பு. "தம்பி, இன்னிக்கு என்னமோ வாணவேடிக்கை எல்லாம் காட்டுச்சு. முருகன் ஏத்துக்கிட்டான் போல."

அவருக்கு ஆங்கிலம் படிக்க வராது. வாங்கிப் பார்த்தேன்.

"முதல் நாள். நல்ல தொடக்கம், சத்தியபிரியா."

7

இந்த இடத்துக்கு மூன்று வரைவுகள் இருக்கின்றன.

(அ) அவன் கடிகாரத்தைத் தரையில் அடித்தான். (ஆள் அப்படிப்பட்டவன் அல்ல. தவிர, தரை மண்.)

(ஆ) எட்டு மாதமாக வராத அழுகை அப்போது வந்தது. (வாசகருக்கு இதுதான் வேண்டும். எனக்கும்தான். வரவில்லை.)

(இ) அவன் சிரித்தான்.

நடந்தது இது. உட்கார்ந்துவிட்டேன். விட்டுப்போச்சு என்றேன். பாப்பம்மாள் உடனே போய் மாடசாமியைக் கூட்டி வந்தார். வழியிலேயே விசாரணை முடிந்திருந்தது.

"ஏலே, பூ வெச்சியாம்ல. பூவா நடக்கும்?" என்றார் பாப்பம்மாள்.

மாடசாமி தலையைக் குனிந்துகொண்டு நின்றார். இரண்டு பாதமும் கொப்பளித்திருந்தன. அவரை உட்காரவைத்தேன். பூண்டு எண்ணெயை எடுத்து வந்து கொடுத்தேன். அவர் தொடவில்லை.

"சார், மொறிஞ்சா மொதல்லேருந்துதான். அது எங்களுக்குத் தெரியும். நாங்க செஞ்சு தாரோம். ஆனா இத்தனை நாளும் என்னன்னே தெரியாம சுத்திட்டோம். என்ன வேண்டிக்கிட்டீங்கன்னு ஒரு வார்த்தை சொல்லுங்க. நாங்களும் சேந்து அதையே கேப்போம்."

என்ன வேண்டிக்கொண்டேன்? தினமும் ஒருமுறை அந்தத் திரையில் அவள் பெயர்

நாளைக்குச் சொல்கிறேன் என்றேன்.

8

நாளை என்பது இன்று. மணி ஐந்தே முக்கால். வாசல் விளக்கடியில் இதை எழுதுகிறேன்.

பத்து நிமிடத்துக்கு முன் வலது காலில் பத்து முறை தத்திப் பார்த்தேன். அது ஸ்வேதா வைத்த தேர்வு. வலிக்காவிட்டால் கொஞ்சம் ஓடி, கொஞ்சம் நடந்து, மெதுவாகத் தொடங்கலாம். வலிக்கவில்லை. எலும்பின் ஓரத்தை விரலால் அழுத்திக்கொண்டே போனேன். அந்த இடத்தைக் கண்டுபிடிக்கவே முடியவில்லை. இரண்டு முறை தேடினேன்.

கேட்டுக்கு வெளியே தெரு நிற்கிறது. பாப்பம்மாள் தலையில் துண்டு. திருமலைச்சாமி கேனை இறக்கி வைத்துவிட்டுக் குதிகாலைத் தூக்கி இறக்குகிறார். மாடசாமி கொப்பளத்துக்கு மேல் துணி சுற்றியிருக்கிறார். இன்று ஒருவர் முறை அல்லவாம், எல்லார் முறையுமாம். வெரசா வரச் சொல்லிப் பாப்பம்மாள் இரண்டு தடவை குரல் கொடுத்துவிட்டார்.

நான் போய் வேண்டுதலே இல்லை என்று சொல்லலாம். நானூற்று முப்பத்தோரு நாள் உழைப்புக்குப் பிறகு, இவர்கள் இருபத்தொன்பது நாள் நடந்த பிறகு. அல்லது என்ன வேண்டுதல் என்று சொல்லலாம். சொன்னால் இத்தனை பேரும் சேர்ந்து அவள் பெயரைச் சத்தமாகச் சொல்லிக்கொண்டு ஏரியைச் சுற்றுவார்கள். நிச்சயம் செய்வார்கள். அதை நான் கேட்க வேண்டியிருக்கும்.

இல்லை, கதவைச் சாத்திக்கொண்டு இந்தக் கதையை முடிக்கலாம். எழுதுகிறவனுக்கு எப்போதும் அந்த வழி உண்டு.

கடிகாரம் கையில் இருக்கிறது. இரண்டாம் நாளுக்காகக் காத்திருக்கிறது.

புது ஷூவில் ஒன்றை, வலது காலுக்குரியதை, மாட்டி முடிச்சுப் போட்டுவிட்டேன். இடது கால் ஷூ உருண்டுபோய் உங்கள் பக்கம் கிடக்கிறது. எனக்குக் கை எட்டவில்லை. எடுத்துக் கொடுங்கள். அல்லது காலால் இன்னும் கொஞ்சம் தள்ளிவிடுங்கள்.