அறுபத்தைந்து பீர் மூடிகள்

என் அக்கா விஜயராணி ஒரு வண்டி செய்தாள். வாங்கவில்லை, செய்தாள். இரண்டு சக்கரம், இரும்புச் சட்டம், அதன் மேல் மரைன் ப்ளைவுட்டில் ஒரு கூடு. உள்ளே இரண்டு பேர் காலை நீட்டிப் படுக்கலாம். பின்கதவைத் தூக்கினால் ஸ்டவ் வைக்க மேடை. ஜீப்புக்குப் பின்னால் மாட்டி எங்கே வேண்டுமானாலும் இழுத்துப் போய் அங்கேயே தூங்கலாம். முன்பக்கம் குண்டாக உருண்டு, பின்பக்கம் சரிந்து ஒல்லியாக முடியும். வெளிநாட்டில் இந்த வடிவத்துக்குக் கண்ணீர்த்துளி என்று பெயர். எங்கள் சேலியமேட்டில் கோழிக்கூண்டு என்று பெயர்.

ஒரு கம்பெனியில் பொட்டலங்களைச் சரிபார்ப்பது அவள் வேலை. இரண்டு வருஷத்து ஞாயிற்றுக்கிழமைகள் இந்த வண்டிக்குப் போயின. ஒரு கல்யாணமும் போனது. நிச்சயம் முடிந்த இருபதாம் நாள் மாப்பிள்ளை அருள்முருகன் எங்கள் வீட்டுக்கு வந்தான். வண்டியைச் சுற்றி வந்தான். சக்கரத்தை ஓர் உதை உதைத்தான். "கல்யாணத்துக்கு அப்பறம் இத எடைக்குப் போட்டுடலாம்" என்றான். அக்கா உள்ளே போய் மோதிரத்தைக் கழற்றி, காபி டம்ளரோடு ஒரே தட்டில் வைத்து நீட்டினாள். மோதிரத்தை எடுத்துக்கொண்டான். காபியைக் குடிக்கவில்லை. அதை நான் குடித்தேன்.

அப்பா பலராமன் பந்தல் காண்ட்ராக்டர். இருபத்தாறு வருஷத்தில் தன் பந்தலுக்குள் ஒரு சாப்பாட்டு இலையில்கூட மழைத்துளி விழுந்ததில்லை என்பது அவருடைய பெருமை. அன்றிலிருந்து அவர் வண்டியை வண்டி என்று சொல்வதில்லை. "அது" என்பார். ஆனால் அதற்கு என்ன கூரை போடுவது என்ற பேச்சு வந்ததும் அவரால் சும்மா இருக்க முடியவில்லை.

"தகரம் போடு."

"வளைவுல தகரம் ஒக்காராதுப்பா. ஜாயிண்ட்ல தண்ணி பூந்துடும்."

"தார் ஷீட்டு?"

"வெய்யில்ல உருகி நாறும். நான் உள்ள படுக்கணும்."

"அப்ப ஃப்ளெக்ஸ். டபுளா மடிச்சி, இழுத்து ஆணி அடிச்சா பத்து வருசம் அசையாது. ஊர்ல எத்தினி மாட்டுக் கொட்டாய் ஃப்ளெக்ஸ்ல நிக்குது தெரியுமா?"

"நான் இன்னா மாடா?"

இந்தக் கேள்விக்கு நான் கருத்துச் சொல்லவில்லை.

அக்காவின் முடிவு ஃபைபர். நல்லவாட்டில் படகுகளுக்கு ஃபைபர் போடும் முத்துக்குமரனைப் போய்ப் பார்த்துவிட்டு வந்தாள். "கடல்ல கெடக்குற போட்டுக்கே தண்ணி பூரல. மழைக்கா பூரப்போவுது?" மீன்பிடித் தடைக்காலம் முடியப் போகிற நேரம். கரையில் படகுகள் ரிப்பேருக்கு வரிசையில் கிடந்தன. அவர் எங்களுக்கு ஒதுக்கியது ஒரே ஒரு நாள், புதன்கிழமை. ஒரே ஒரு நிபந்தனை, பலகை காய்ந்திருக்க வேண்டும். ஈரத்தில், ஃபைபரை ஒட்டும் ரெசின் பிடிக்காது. சனிக்கிழமை, கூட வேலை பார்க்கும் ரோஸ்லினின் ஜீப்பில் ஜவ்வாது மலைக்குக் கிளம்புவதாக அக்காவும் ரோஸ்லினும் பேசி வைத்திருந்தார்கள். மூன்று வருஷத்தில் அக்கா எழுதிக் கொடுத்த முதல் லீவு அது. புதன்கிழமையிலிருந்து எட்டு நாள்.

செவ்வாய்க்கிழமை வேலைக்குக் கிளம்பும்போது ஒரு நீலத் தார்ப்பாயையும் கயிற்றையும் வண்டி மேல் வைத்தாள்.

"மழ வந்தா இத மூடி கட்டிடுங்க. ஆணி கூடாது. ஒரு ஆணி கூட கூடாது."

"சரிம்மா" என்றார் அப்பா.

அப்பா இவ்வளவு சீக்கிரம் சரி என்று சொன்னபோதே நான் எழுந்து உட்கார்ந்திருக்க வேண்டும். போன் பார்த்துக்கொண்டிருந்தேன்.

இரண்டு மணிக்கு மேற்கே கறுத்தது. அப்பா தார்ப்பாயைப் பார்த்தார். கயிற்றைச் சுண்டிப் பார்த்தார். "இது பொம்பள புள்ளைங்க பாவாடைக்குக் கட்டுற கயிறு" என்றார். பந்தல் கொட்டகைக்குப் போய்ச் சுத்தியலும், ஒரு ஃப்ளெக்ஸும், ஒரு டப்பா பீர் மூடியும் கொண்டுவந்தார். வெறும் ஆணி அடித்தால் காற்றில் ஃப்ளெக்ஸ் கிழிந்துவிடும். மூடி வழியாக அடித்தால் கிழியாது. பந்தல் தொழிலுக்குப் புதுச்சேரி வழங்கும் இயற்கை வளம் பீர் மூடி.

ஃப்ளெக்ஸை விரித்தார். பன்னிரண்டுக்கு எட்டு அடி. அக்காவும் மாப்பிள்ளையும் பக்கத்தில் பக்கத்தில் நிற்கும் நிச்சயதார்த்த ஃப்ளெக்ஸ். அதை இரண்டாக மடித்தார். அக்கா அடியில் போனாள். அருள்முருகன் மேலே வந்தான்.

நான் ஏணியைப் பிடித்துக்கொண்டிருந்தேன். வேண்டாம் என்று சொல்லியிருக்கலாம். எனக்குச் சிரிப்பு வந்தது. போட்டோ எடுத்தேன். காலேஜ் குரூப்பில் போடுவதற்கு ஒரு தலைப்புகூட யோசித்துவிட்டேன். அறுபத்து நான்கு ஆணி அடித்து முடித்ததும் அப்பா சுத்தியலை என்னிடம் நீட்டி, "நவீனு, நீயும் ஒண்ணு அடி" என்றார். நான் இடம் தேர்ந்தெடுத்தேன். அருள்முருகனின் நெற்றியில், சந்தனப் பொட்டுக்கு நேராக.

மழை அரை மணி நேரம் பெய்தது. வளைவில் ஃப்ளெக்ஸ் ஒட்டி உட்காரவில்லை. ஆணிக்கும் ஆணிக்கும் நடுவில் தொப்பை விழுந்தது. தொப்பையில் தண்ணீர் சேர்ந்து கனத்தது. கனம் ஆணியை இழுத்தது. அப்பா வாசற்படியில் நின்று பார்த்துவிட்டு, "கம்முனு நிக்குது பாரு" என்றார். கதவைத் திறந்து உள்ளே பார்க்க வேண்டும் என்று எங்கள் இருவருக்குமே தோன்றவில்லை.

ஐந்தரைக்கு அக்கா வந்தாள். ஸ்கூட்டியை நிறுத்தினாள், ஹெல்மெட்டைக் கழற்றவில்லை. வண்டி மேல் அருள்முருகன் தண்ணீருக்கடியில் வானத்தைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தான்.

"இன்னா இது?"

"ஃப்ளெக்ஸ்மா. காத்து பலமா வந்துச்சி, அதான்..."

"அது தெரியுது. நான் எங்க?"

அப்பாவுக்குப் புரியவில்லை. எனக்குப் புரிந்தது. என் செருப்பைப் பார்த்தேன்.

அக்கா ஒரு மூலையைப் பிடித்து இழுத்தாள். இரண்டு மூடிகள் தெறித்தன. அடியில் பட்டுப்புடவையில் அவள், பலகையில் முகம் புதைத்துக் குப்புறக் கிடந்தாள்.

"என் மூஞ்சிய பலகையில அமுக்கி, அவன மேல படுக்க வச்சி, ஆணி அடிச்சிருக்க."

"மடிக்கும்போது எவன் பாத்தான்? கைக்கு வந்த பக்கம்."

"எதுக்கு இத வச்சிருந்த?"

"கனமான ஃப்ளெக்ஸ்மா. தூக்கிப் போட மனசு வரல."

அக்கா மூலையை முகர்ந்தாள். "பாச்சா உருண்ட வாசன வருது. கொட்டாய்ல நூறு ஃப்ளெக்ஸ் கெடக்குது, எலி கடிச்சாலும் கேக்க மாட்ட. இதுக்கு மட்டும் பாச்சா உருண்டயா? நான் மனசு மாறி அவன் வூட்டுக்குப் போவன்னுதான பத்திரமா வச்சிருந்த?"

 அப்பா ஒரேயடியாகப் பேசினார்.

"ஆமாண்டி! வச்சிருந்தன். நல்ல எடம், இந்தக் கூண்டால போச்சி. எவன் வூட்டுப் பந்தலுக்குப் போனாலும் ஒம் பொண்ணு கல்யாணம் இன்னா ஆச்சின்னு கேக்குறான். குழி தோண்டிகினே பதில் சொல்றது நானு. நீயா சொல்ற?"

"எடைக்குப் போடலாம்னு சொன்னாம்பா. ரெண்டு வருசம் நான் செஞ்சத ஒதச்சிப் பாத்துட்டு சொன்னான். இன்னிக்கி வண்டிய போடுவான், நாளைக்கி என்னியும் போடுவான். அத போய் சொல்லு. நாக்கு இருக்குதுல்ல?"

கதவைத் திறந்தாள். மேற்பலகையில் ஆணி நுனிகள் வரிசையாக நீட்டிக்கொண்டிருந்தன. ஒவ்வொரு நுனியிலும் ஒரு சொட்டு. மெத்தை ஊறிக் கிடந்தது.   அக்கா ஆணி பிடுங்கும் குறடு ஒன்றை அப்பா கையில் வைத்தாள். வாளியை என் கையில் வைத்தாள்.

"புடுங்குங்க."

பிடுங்கினோம். நெற்றி ஆணி வந்தபோது, "இது யாரு அடிச்சது? இது மட்டும் நேரா இருக்குது" என்றாள்.

"நான்."

"சிரிப்பு வந்துச்சா?"

"வந்துச்சி."

"இப்ப?"

 போனில் இருந்த போட்டோவை அழித்தேன். அவள் அதைப் பார்க்கவில்லை.

அப்பா யாரிடமும் சொல்லாமல் கொட்டகைக்குப் போனார். கல்யாணப் பந்தலில் வைக்கிற பெரிய ஃபேன்கள் ஆறும், நான்கு ஹாலோஜன் விளக்கும் கொண்டுவந்து வண்டியைச் சுற்றி நிறுத்தினார். மறுநாள் காலையில் முத்துக்குமரன் வந்து புறங்கையால் பலகையைத் தொட்டுப் பார்த்தார்.

"இன்னும் ஈரம் இருக்குதும்மா. ரெண்டு மணி வரைக்கும் பாப்பன். காயலன்னா கெளம்பிடுவன். போட்டுக்காரன் உயிர எடுக்குறான்."

பத்து மணிக்குக் கிருமாம்பாக்கத்துக் கல்யாண வீட்டிலிருந்து அப்பாவுக்குப் போன் வந்தது. "ஃபேனா? ஃபேன் இல்லீங்க. எல்லாம் ரிப்பேரு... ஆமாங்க, ஆறும்தான்" என்றார். ஆறும் அவர் முதுகுக்குப் பின்னால் இரைந்துகொண்டிருந்தன. கல்யாண வீட்டுக்காரர் கத்தியது எனக்கே கேட்டது. அக்காவுக்கும் கேட்டிருக்கும். அவள் ஆணித் துளைகளைப் பட்டிப் பசையால் அடைத்துக்கொண்டிருந்தாள். நிமிரவில்லை.

இரண்டு மணிக்குப் பலகை காய்ந்தது. ஃபைபர் துணியை வெட்டவும் ரெசின் கலக்கவும் முத்துக்குமரன் தரையில் விரிக்க ஏதாவது கேட்டார். அக்கா ஃப்ளெக்ஸைக் கத்தியால் நடுவில் வெட்டினாள். தன் பாதியைச் சுருட்டி ஸ்கூட்டியில் வைத்தாள். மறுபாதியை விரித்தாள்.

"யாரும்மா இது?" என்றார் முத்துக்குமரன்.

"கீழ விரிக்கிற ஷீட்டுண்ணா."

மாலைக்குள் அருள்முருகனின் மூக்கு வரைக்கும் ரெசின் சொட்டி இறுகிவிட்டது. இனி அவனுக்கும் தண்ணீர் இறங்காது.

வெள்ளிக்கிழமை காலை அக்கா வண்டிக் கதவைத் திறந்து பிடித்தாள். பக்கத்தில் இரண்டு குடம்.

"ரெண்டு பேரும் உள்ள போங்க."

"எதுக்கும்மா?" என்றார் அப்பா.

"ஒழுவுதான்னு பாக்கணும். ஊர்ல பெரிய பந்தல்காரரு நீதான?"

போனோம். கதவு சாத்தப்பட்டது. வெளியிலிருந்து கொக்கி விழும் சத்தம் கேட்டது. மெத்தை இல்லாத பலகையில் நானும் அப்பாவும் தோளோடு தோள் ஒட்டிப் படுத்திருந்தோம். மேலே முதல் குடம் விழுந்தது. இரண்டாவது, மூன்றாவது. அப்பா விரலால் மேற்பலகையைத் தடவி, பசை அடைத்த ஒவ்வொரு துளையாகத் தொட்டுக்கொண்டே போனார். திடீரென்று பதறினார்.

"டேய், ஒழுவுதுடா!"

"வேர்வப்பா. ஒனக்குத்தான்."

பத்தாவது குடத்துக்கு அப்புறம் அவர் பலகையைத் தட்டினார். "ராணி, சொட்டு எறங்கல. நல்லா இருக்குது. நெசமாவே நல்லா இருக்குதும்மா. தெற."

வெளியே தண்ணீர் நின்றது. கொக்கி அசையவில்லை.

"எத்தினி ஆணிப்பா அடிச்ச?"

"அறுவத்தி நாலு" என்றார் அப்பா மெதுவாக.

"அறுவத்தஞ்சி" என்றேன் நான்.

"ஒரு ஆணிக்கு ஒரு கொடம்" என்றாள் அக்கா. போர்வெல் குழாய் திறக்கும் சத்தம் கேட்டது.

அப்பா கையை மார்பில் மடித்து வைத்துக்கொண்டார். நான் எண்ணத் தொடங்கினேன். பதினொன்று.