மெடத்தின் அணிந்துரை

மெலனி தன் ஆய்வேட்டைப் புத்தகமாகப் போடப் போகிறாள் என்று கேள்விப்பட்டதும் அவளுடைய ஆய்வுக்கு மேற்பார்வையாளராக இருந்த பேராசிரியை கமலேஸ்வரி தானாகவே கூப்பிட்டுச் சொன்னார்.

"அணிந்துரை நான் தாறன் பிள்ளை. கேக்கிற எல்லாருக்கும் நான் எழுதிக் குடுக்கிறேல்லை. உமக்கெண்டபடியால் எழுதுறன்."

"பெரிய உதவி மெடம்" என்று மெலனி குழைந்தாள். வெளியே வந்து ஸ்கூட்டியைக் கிளப்பும்போது ஹெல்மெட்டுக்குள் வேறொரு சொல்லைச் சொன்னாள். கலாநிதிப் பட்டத்துக்குப் படித்த காலம் முழுக்க அவள் நன்றாகத் தேறிய பாடம் அதுதான். முன்னுக்கு ஒரு சொல், ஹெல்மெட்டுக்குள் இன்னொன்று.

திருகோணமலைத் துறைமுகத்தை வைத்து எழுதப்பட்ட சிறுகதைகள்தான் அவளுடைய ஆய்வு. செத்துப்போன சஞ்சிகைகளைத் தேடிப்பிடித்து, கறையான் தின்ற பக்கங்களைக் கையால் பிரதி எடுத்து, அத்தியாயம் அத்தியாயமாக மெடத்திடம் கொடுத்தாள். எந்த அத்தியாயம் போனாலும் முதற்பக்கத்தில் சிவப்பு மையில் "இன்னும் ஆழம் தேவை" என்று எழுதப்பட்டுத் திரும்பி வந்தது. உள்பக்கங்களில் விரல் பட்ட அடையாளமே இராது. ஒருமுறை வேண்டுமென்றே ஒரே பக்கத்தை இரண்டு தரம் வைத்துக் கொடுத்துப் பார்த்தாள். அதற்கும் ஆழந்தான் தேவைப்பட்டது.

அவளுடைய புருஷன் றொஷான் துறைமுகத்தில் கப்பல் இழுக்கும் டக் படகில் வேலை. "எங்கட கப்டன் கயிற்றைக் கூட இழுத்துப் பாக்காமக் கட்டமாட்டார். உங்கட ஆக்கள் ஒரு ஆளுக்கு டொக்டர் பட்டம் குடுக்கினம், பாக்காமலே" என்று சிரிப்பான்.

பட்டம் வந்தது. அணிந்துரையும் மின்னஞ்சலில் வந்தது. மெலனி குசினி அடுப்படியில் நின்றபடி போனில் திறந்து வாசித்தாள். முதலில் மெடத்தின் இளமைப் பருவம். பிறகு மெடம் லண்டனில் வாசித்த கட்டுரை. பிறகு மெடத்தைப் பாராட்டிய வெள்ளைக்காரப் பேராசிரியர். கடைசியில் ஒருவழியாக மெலனி வந்தாள்: "கிண்ணியா, மூதூர்ப் பெண்களின் நாட்டார் பாடல்களை வீடுவீடாகச் சென்று திரட்டி, முதன்முறையாக முழுமையான ஆய்வுக்கு உட்படுத்தியுள்ளார் என் மாணவி."

மெலனி தன் வாழ்நாளில் ஒரு நாட்டார் பாட்டையும் திரட்டியதில்லை. அது இன்பாஸின் ஆய்வு. இன்பாஸ் கிண்ணியாப் பெடியன், அதே மெடத்தின் கீழ் அவளுக்குப் பின்னால் பதிந்தவன். ஒலிப்பதிவுக் கருவியும் கையுமாகப் கிண்ணியாப் பாலத்துக்கு அந்தப்பக்கம் வருசக் கணக்காக அலைகிறவன். அவளை வாய் நிறைய "அக்கா" என்பான்.

மெலனி சுவரில் சாய்ந்துகொண்டு கண்ணில் நீர் வரும்வரை சிரித்தாள். றொஷானுக்கும் வாசித்துக் காட்டினாள்.

"கோல் எடுத்துச் சொல்லும், மாத்தி எழுதித் தரட்டும்."

"ஏன் மாத்துவான்? ஒரு எழுத்தும் மாத்தாமல் இப்பிடியே போடப் போறன். புத்தகத்தைத் திறக்கிற ஒவ்வொரு ஆளுக்கும் விளங்கட்டும், எங்கட பேராசிரியை ஆரெண்டு."

"இன்பாஸுக்கெண்டாலும் சொல்லிப்போட்டுச் செய்யும்."

"அவனும் விழுந்து விழுந்து சிரிப்பான்" என்றாள் மெலனி. ஆனால் அவனுக்குச் சொல்லவில்லை.

வெளியீட்டு விழா நகர மண்டபத்தில் நடந்தது. வாசலில் கட்டியிருந்த தோரணத்தை ஊருக்குள் திரியும் மான்கள் பாதி தின்றுவிட்டதால் விளக்கேற்றப் பிந்தியது. மெடம் பட்டுச் சேலையில் வந்து தன் அணிந்துரையைத் தானே ஒலிவாங்கியில் வாசித்தார். கிண்ணியாப் பாடல்கள் என்ற இடத்தில் குரலை உயர்த்தினார். மெலனி மேடைக் கதிரையில் இருந்தபடி சபையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். யாராவது ஒருவர் அட்டையைப் புரட்டிப் பார்த்துப் பக்கத்தில் இருப்பவரின் விலாவில் இடிப்பார் என்று காத்திருந்தாள்.

ஒருவரும் இடிக்கவில்லை. நயவுரை சொல்ல வந்த ஓய்வுபெற்ற அதிபர், நாட்டார் பாடலின் இனிமையைப் பற்றி நெடுநேரம் பேசி இரண்டு தாலாட்டும் பாடிக் காட்டினார். முதற்பிரதி வாங்கிய இரும்புக்கடை முதலாளி, தன் உம்மாவும் நன்றாகப் பாடுவா என்றார். அட்டையிலே கிரேனும் கப்பலும் பெரிதாக இருந்தன. அடுத்த ஞாயிறு பத்திரிகையில் "கிண்ணியா நாட்டார் பாடல்கள்: கலாநிதி மெலனியின் அரிய ஆய்வு" என்று படத்தோடு செய்தி வந்தது.

மெலனி வெட்டி எடுத்து அலுமாரிக் கதவில் ஒட்டினாள். முன்பு மெடத்தை மட்டும் இளக்காரமாக நினைத்தவள் இப்போது முழு ஊரையும் சேர்த்துக்கொண்டாள். நடுவில் வெறும் வெள்ளைத்தாளைக் கட்டிக் கொடுத்திருந்தாலும் இந்தச் சனம் பொன்னாடை போர்த்தியிருக்கும் என்று றொஷானிடம் சொல்லிச் சொல்லிச் சிரித்தாள். அவன் முதல் இரண்டு தரம் சேர்ந்து சிரித்தான். பிறகு விட்டுவிட்டான்.

ஒரு மத்தியானம் இன்பாஸ் வந்தான். உள்ளே வரச்சொல்லியும் வராமல் படலையடியிலேயே நின்றான். கையில் அவளுடைய புத்தகம்.

"அக்கா, என்ட ஆய்வேட்டைக் குழு எடுக்கல்ல. அந்தத் தலைப்பு ஏற்கெனவே செஞ்சு புத்தகமாயும் வந்திட்டாம். பேப்பர்த் துண்டக் காட்டினாங்க."

"அதெப்பிடி? மெடம் இருந்தவ தானே?"

"இருந்த. ஓம் எண்டு தலையாட்டின."

இன்பாஸ் புத்தகத்தின் முன்பக்கத்தைத் திறந்து காட்டினான்.

"நான் இத முழுக்க வாசிச்சிட்டன். நல்லா எழுதியிருக்கீங்க. ஒரு பாட்டும் இல்ல. முன்னுக்கு இருக்கிறத நீங்க பாக்கலயா?"

"பாத்தனான்."

"அச்சடிக்க முதலேயா?"

"ஓம்."

"தெரிஞ்சுதான் போட்டீங்களா?"

மெடத்தின் அலட்சியம், ஊரின் அறியாமை என்று அவளிடம் நிறைய விளக்கம் இருந்தது. எதைச் சொல்ல வாயெடுத்தாலும் அந்தப் பெடியன் வெயிலில் வாசல் வாசலாக நின்ற நாட்கள் குறுக்கே வந்தன. "மெடத்தைச் சந்தி சிரிக்க வைக்கலாமெண்டு பாத்தன்" என்றாள்.

"மெடத்துக்கு என்ன நடந்த?" என்று கேட்டான் இன்பாஸ். அவன் அவளைப் பார்த்த பார்வையை அவளுக்கு நன்றாகத் தெரியும். அந்தப் பார்வையால்தான் அவள் இத்தனை காலமும் மெடத்தைப் பார்த்து வந்தாள்.

குழுவின் அடுத்த கூட்டத்துக்கு மெலனி யாரும் அழைக்காமலே போனாள். நீள மேசையைச் சுற்றி இருந்தவர்களின் முன்னால் புத்தகத்தை விரித்து வைத்தாள்.

"இது சிறுகதை ஆய்வு. இதில ஒரு நாட்டார் பாட்டும் இல்லை. அணிந்துரை பிழையெண்டு தெரிஞ்சுகொண்டுதான் நான் அச்சடிச்சனான். இன்பாஸின்ர வேலையை ஒருத்தரும் செய்யேல்லை."

மேசையில் இருந்த எல்லாரும் அப்போதுதான் அந்தப் புத்தகத்தின் பொருளடக்கத்தை முதன்முறையாகப் பார்த்தார்கள். மெடம் மூக்குக்கண்ணாடியைப் போட்டு, தன் அணிந்துரையைத் தானே இரண்டு பக்கம் வாசித்தார். முகத்தில் ஒரு சுருக்கமும் விழவில்லை.

"அச்சுப்பிழை" என்றார்.

"மெடம், ஒரு முழு வசனமும் எப்பிடி..." என்றாள் மெலனி.

"கொழும்பு அச்சகங்கள் இப்பிடித்தான். நான் எத்தினை தரம் சொல்லியிருக்கிறன்."

குழுத் தலைவருக்கு மூச்சு வந்தது. "அப்ப அச்சுப்பிழைதான். அடுத்த பதிப்பில திருத்திப்போட்டால் சரி" என்று குறிப்பெழுதச் சொன்னார். எல்லாரும் நிம்மதியாக ரீக் கோப்பையை எடுத்தார்கள். அதே கையோடு இன்பாஸின் ஆய்வேடு பரீட்சகர்களுக்கு அனுப்பப்பட்டது. மெடம் எழும்பும்போது மெலனியின் தோளைத் தட்டி, "பிள்ளை, ரெண்டாம் பதிப்புக்கு விரிவா எழுதித் தாறன்" என்றார்.

"வேண்டாம் மெடம்" என்றாள் மெலனி. ஹெல்மெட் இல்லாமலே சொன்னாள். மெடம் அதைக் காதில் விழுத்தியதாகத் தெரியவில்லை.

விறாந்தையில் இன்பாஸ் நின்றான். சங்கதியைச் சொன்னாள். தலையாட்டினான்.

"வாரும், கன்ரீனில ஒரு ரீ குடிப்பம்."

"இல்ல மிஸ், பஸ்ஸுக்கு நேரமாச்சு."

அவன் பட்டம் பெற்றதை மெலனி பிறகு மற்றவர்கள் சொல்லித்தான் அறிந்தாள். ஆய்வேட்டுப் பிரதி நூலகத்துக்கு வந்ததும் இரவல் எடுத்துக்கொண்டு போய், பின்னேரங்களில் டொக்யாட் வீதிக் கரையில் றொஷானின் படகு திரும்பும்வரை இருந்து வாசித்தாள். கோபக்காரப் பெண்களின் பாட்டுகள் இருந்தன. மாமியாரைத் திட்டுகிற பாட்டு, துறையில் ஆளை விட்டுவிட்டுப் போன தோணிக்காரனைத் திட்டுகிற பாட்டு. ஒரு பக்கத்தையும் அவள் தாவிப் போகவில்லை. கடைசி அத்தியாயத்தில் ஒரு பாட்டுக்கு அவன் சொன்ன பொருளில் அவளுக்கு உடன்பாடில்லை. அதை விபரமாக எழுதி போனில் அனுப்பினாள்.

இரண்டு நாள் கழித்துப் பதில் வந்தது. "அந்த இடம் எனக்கும் சந்தேகம்தான் மிஸ். யோசிக்கிறன்."