ஞாயிறுவரை காத்திராத பை

வியாபாரிகள் சங்கத் தலைவர் ராஜாராம் செவ்வாயன்று செங்கல்பட்டு ரத்த வங்கியில் ஒன்றரை மணி நேரம் படுத்துப் பிளேட்லெட், அதாவது ரத்தத் தட்டணுக்கள், கொடுத்தார். எழுந்திருப்பதற்குள் திருக்கழுக்குன்றத்தில் மூன்று பேனர்கள் எழுந்துவிட்டன. இரண்டில் 'குருதி வள்ளல்'. மூன்றாவதில் இடம் மிஞ்சியதால் கூடவே 'உயிர் வள்ளல்'.

அந்தத் தட்டணுப் பை கோவளத்து ஷபீரின் மனைவி ஷாஜாதிக்கு. ரத்தப் புற்றுநோய்ச் சிகிச்சையில் தட்டணுக்கள் சரிந்து, புதன் காலை அவளுக்கு ஈறில் ரத்தம் கசியத் தொடங்கியிருந்தது. தலைவரோ ஞாயிற்றுக்கிழமை, தம் ஐம்பதாம் பிறந்தநாள் மேடையில்தான் பையைக் கொடுப்பதாக இருந்தார்.

"அஞ்சு நாளுதாண்ணா தாங்கும்," என்று ஷபீரிடம் சொன்னாள் ரத்த வங்கி டெக்னீஷியன் ஜெனிட்டா. "நாளாவ நாளாவ தட்டணுக்குள்ள கீற மைட்டோகாண்ட்ரியா வெளிய கசியும். செல்லுக்குச் சக்தி தர்ற சமாச்சாரம். ஆதியில அது பாக்டீரியாவாம். வெளிய பாத்தா, கிருமி வந்துட்டுதுன்னு உடம்பு சண்டைக்குக் கெளம்பிடும். அழற்சி, குளிர்ஜுரம். போன தபா அக்காவுக்கு ஏத்துனது பழைய பை. அதனாலயும் இருக்கலாம்."

போன முறை கட்டிலே ஆட ஷாஜாதி நடுங்கியது ஷபீரின் கண்ணில் வந்து நின்றது. கொடுத்தவரிடம் எந்த வாயால் கேட்பது? ஆனாலும் போன் போட்டான்.

"தலைவரே, இன்னிக்கே ஏத்தணுமாம்."

"மேடை போட்டாச்சேப்பா!"

"நாளாச்சுன்னா உங்க பிளேட்லெட்டு உள்ள போயி கலாட்டா பண்ணுமாம்."

"என்னுதா? கலாட்டாவா?" அது பெருமையா அவமானமா என்று தலைவருக்குச் சட்டென விளங்கவில்லை. "அந்தம்மாவுக்கு ஜுரம் வந்தா, பேனர்ல என் பேருதான கீது! ஏத்தச் சொல்லு. ஆனா ஞாயித்துக்கெழம நீ வந்துடணும்."

மதியமே ஏற்றினார்கள். ஷபீர் தெர்மாமீட்டரும் கையுமாக உட்கார்ந்திருந்தான். சாயங்காலம்வரை ஜுரமில்லை. ஈறும் அடங்கியிருந்தது.

"இன்னா என்னியே பாத்துகினு கீற? எதுனா துன்னியா இல்லியா?" என்று ஷாஜாதி அதட்டியபோது, ஜெனிட்டாவுக்கா, தலைவருக்கா, ஆண்டவனுக்கா, யாருக்கு முதலில் நன்றி சொல்வதென்று ஷபீருக்குத் தெரியவில்லை.

ஞாயிறன்று மேடையில் காலித் தெர்மோகோல் பெட்டியை இரு கைகளாலும் வாங்கினான். பெட்டி கனப்பதுபோல் நடிக்கச் சொல்லியிருந்தார்கள். நடிக்காமலே கண் கலங்கியது. போட்டோகிராபர் படத்தைத் தவறவிட்டதால் கூட்டம் மூன்று முறை கைதட்டியது.

தலைவர் பெட்டிக்கு மேலே குனிந்தார். "மறுபடி எப்போ வேணும்?"

"ரெண்டு வாரம் போவட்டும் தலைவரே."

"வந்துடறேன். சூட்டோட சூடா ஏத்திடச் சொல்லு," என்றார் ராஜாராம், கேமராவைப் பார்த்துச் சிரித்தபடியே.