மூன்றாவது செல்

கோவில்பட்டியில் காசிராஜனின் தீப்பெட்டி ஆபீசில் சங்கரம்மாள் மேற்பார்வை. அங்கே இன்வெர்ட்டர் வாங்கிப் போட்டபோது, பேட்டரியைப் பார்த்துக்கொள்வதும் அவள் வேலையாயிற்று. மெக்கானிக் தங்கச்சாமி ஒரு கண்ணாடிக் குழாயைக் கொடுத்து, ஆறு செல்லிலும் ஆசிட்டை உறிஞ்சி, உள்ளே மிதவை எங்கே நிற்கிறதென்று மாதாமாதம் பார்க்கச் சொல்லியிருந்தார்.

ஐப்பசியில் ஐந்து செல்லில் மிதவை பச்சைக் கோட்டில் நின்றது. மூன்றாவதில் அடியோடு அமிழ்ந்துவிட்டது.

"அண்ணாச்சி, ஒரு செல்லு செத்துப்போச்சு. மாத்தணும்."

"லைட்டு எரியுதுல்லா? பெறவென்ன?" என்றார் காசிராஜன்.

இரண்டு வாரம் கழித்து, மழைக்காக ஜன்னல்களை அடைத்திருந்த ஒரு மத்தியானம், லேபிள் எடுக்க பேட்டரி இருந்த அறைக்குப் போனாள். அழுகின முட்டை நாற்றம் மூக்கில் அடித்தது. பேட்டரி பக்கவாட்டில் உப்பியிருந்தது. கிட்டே கை கொண்டுபோனாலே அனல். உள்ளே உலை கொதிப்பதுபோலச் சத்தம்.

தங்கச்சாமி சொன்னது நினைவுக்கு வந்தது: "கொதிச்சா கேஸு கெளம்பும்க்கா. ஒரு பொறி போதும், வெடிச்சிரும்."

பலகைத் தடுப்புக்கு அந்தப் பக்கம் தீப்பெட்டிக் கட்டுகள் கூரைவரை அடுக்கியிருந்தன. அதையும் தாண்டி நாற்பது பெண்கள். அவர்களில் அவள் மகள் வனிதாவும் ஒருத்தி.

அவள் போட்ட சத்தத்தில் காசிராஜன் ஸ்பேனரோடு வந்தார். வயரைக் கழற்றக் குனிந்தவரின் மணிக்கட்டை எட்டிப் பிடித்தாள்.

"தொடாதீங்க அண்ணாச்சி. கழட்டுத எடத்துலதான் பொறி தட்டும்."

"அப்ப சுவிட்ச அணை."

"அதுலயும் பொறி வரும். வெளிய மெயின்லதான் அணைக்கணும். மொதல்ல பொம்பளைப் பிள்ளைகள ரோட்டுக்குக் கூட்டிட்டுப் போங்க."

அவர் முகம் வெளுத்தது. ஓடினார்.

சங்கரம்மாள் ஜன்னல்களைத் திறந்தாள். ஒரு கொக்கி துருப்பிடித்து இறுகியிருந்தது. இரும்பு உரசிவிடுமோ என்று முந்தானையைச் சுற்றி மெல்ல நெம்பினாள். பிறகு வெளியே மீட்டர் பலகையடியில் நின்று, காற்று நாற்றத்தைக் கொண்டுபோகக் காத்திருந்தாள்.

மெயின் சுவிட்சின் பிடியில் கை வைத்தபோதுதான் அந்த நினைப்பு வந்தது. கரண்டு போனதும் இன்வெர்ட்டர் தானாக 'டிக்'கென்று பேட்டரிக்கு மாறுமே. அதிலும் பொறி இருக்குமோ? அதைப்பற்றித் தங்கச்சாமி ஒன்றும் சொல்லவில்லை. அணைக்காமல் விட்டால் கொதித்துக்கொண்டேயிருக்கும். ரோட்டோரம் நின்ற வனிதாவைப் பார்த்தாள். கண்ணை மூடிக்கொண்டு பிடியை இழுத்தாள்.

உள்ளே டிக்கென்றது.

ஒன்றும் நடக்கவில்லை. அவள் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

சாயங்காலம், ஆறிய பிறகு தங்கச்சாமி மூடியைத் திறந்து காட்டினார். மூன்றாவது செல்லில் பொட்டுத் தண்ணீரில்லை.

"இன்னும் அரைமணி நேரம் போயிருந்தா..." என்றபடி மூடியைத் திருப்பி அடைத்தார்.

"புதுச வெளிய கொட்டகையில வைப்போம்" என்றார் காசிராஜன், அவள் முகத்தைப் பார்க்காமல்.

பஸ்ஸுக்கு நடக்கும்போது வனிதா கேட்டாள், "ஒனக்குப் பயமாயில்லையாம்மா?"

"காலு இன்னும் நடுங்குதுட்டி. பஸ் வரைக்கும் என்னப் பிடிச்சுக்கோ."