ஹாவ் கென்ஷங்கின் கல்லீரல்

1

இந்தக் கதையை நான் யோசித்துக் கண்டுபிடிக்கவில்லை. வேலை இடத்தில், மதியச் சாப்பாட்டு நேரத்தில், ஆவியில் வெந்த ரொட்டியைப் பிட்டுப் பிட்டு வாயில் போட்டுக்கொண்டே ஹாவ் கென்ஷங் சொன்னது. அவர் டைல்ஸ் பதிப்பவர். நான் அவருக்குக் கலவை போட்டுக் கொடுப்பவன். நடந்ததில் பாதியைச் சொன்னார், மீதியை ரொட்டியோடு சேர்த்து விழுங்கிவிட்டார். விழுங்கியதை நான்தான் எழுதிச் சேர்க்க வேண்டியிருக்கிறது. கை அசந்தால் வாக்கியத்தைப் பாதியில் விட்டுவிடுவேன். பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஆரம்பம் மூன்று எழுதினேன்.

"வசந்தம் வந்துவிட்டது. லுவோ ஆற்றங்கரையில் வில்லோ மரங்கள்..." (அடித்துவிட்டேன். மரம் அதன்பாட்டுக்குத் துளிர்க்கும். அதற்கு நான் எதற்கு?)

"ஹாவ் கென்ஷங் ஒரு கோபக்காரர்." (உண்மைதான். தெருவில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். தெரிந்ததைச் சொல்லக் கதை வேண்டாம்.)

மூன்றாவது ஒரு தொலைபேசி அழைப்பு. அதை வைத்துக்கொள்கிறேன்.

2

ஹாவின் மகள் லீஜுவான் ஜெங்ஜோ நகரத்திலிருந்து பேசினாள். போன வருடப் புத்தாண்டுக்கு வந்திருந்தபோது, மீன் வேகவில்லை என்று ஆரம்பித்து ஹாவ் போட்ட சத்தத்தில், வயிற்றுப்பிள்ளையோடு அன்றே பஸ் ஏறிப் போனவள் அவள். அதற்குப் பிறகு வரவில்லை. பேரனை ஹாவ் கைப்பேசித் திரையில்தான் பார்த்திருந்தார். இப்போது, முன்னோர் கல்லறையைக் கூட்டிக் கும்பிடும் வசந்த விடுமுறைக்குக் குழந்தையோடு வருகிறேன் என்றாள்.

"ஒரே ஒரு தடவ கத்தினாலும் கிளம்பிடுவேன்ப்பா. கோவத்துல சொல்லல. சத்தம் கேட்டா அவன் ஒடுங்கிடுறான்."

மனைவி குய்லான் காரியத்தைக் கையில் எடுத்துக்கொண்டாள். எங்கள் நாட்டு வைத்தியப்படி கோபம் குடியிருப்பது கல்லீரலில். கல்லீரல் மரத்தின் ஜாதி. வசந்தத்தில் அதுவும் துளிர்க்கும். வழி விடாவிட்டால் நெஞ்சை முட்டும். இது இங்கே வெங்காயத்தாள் விற்பவனுக்கும் தெரியும். அவள் புளிப்பைக் குறைத்தாள், பேரீச்சை போட்ட கஞ்சியைக் கூட்டினாள், அவர் சட்டையின் கழுத்துப் பொத்தானைத் திறந்துவிட்டாள், விடிந்ததும் உடற்பயிற்சிக் கூட்டத்தோடு சேர ஆற்றங்கரைக்கு விரட்டினாள்.

(வினிகர் இல்லாமல் நூடுல்ஸ் தின்றால் யாருக்கும் கோபம் வரும். இதை அவர் சொல்லவில்லை. நான் சொல்கிறேன்.)

3

ஆற்றங்கரைக் கூட்டத்தை நடத்துபவர் தோங் அக்கா, பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர். வசந்தத்தில் கிழக்குப் பார்த்து நிற்க வேண்டும். எட்டுப் பட்டு என்று அந்தப் பயிற்சிக்குப் பெயர், எட்டு அசைவு. வானத்தைத் தாங்குவது, வில்லை இழுப்பது என்று போகும். ஹாவுக்கு எதுவும் வரவில்லை. வருடக்கணக்காகக் குந்திக் குந்தி டைல்ஸ் பதித்த இடுப்பு

(இந்த வாக்கியத்தை முடிக்க முடியவில்லை. என் இடுப்பும் அதே இடுப்புதான்.)

ஆனால் ஏழாவது அசைவு, முஷ்டியை இறுக்கிக் கண்ணை உருட்டி முறைப்பது, முதல் நாளே பிரமாதமாக வந்துவிட்டது. எதிரே நாயோடு வந்த ஒரு பெண் பாதையை மாற்றிக்கொண்டு போனாள்.

"தம்பி, முறைக்கணுந்தான். ஆனா யாரையும் முறைக்கக் கூடாது," என்றார் தோங் அக்கா.

"வேற எதக்கா முறைக்கிறது?"

"தூரத்த."

தூரத்தை முறைக்க அவருக்குப் பிடிபடவில்லை. கடைசியில் அக்கா ஒரு சத்தத்தைச் சொல்லிக் கொடுத்தார். கண்ணை அகல விரித்து, மூச்சை மெல்ல விட்டு, "ஷ்யூ..." என்று நீட்டுவது. கல்லீரலில் தேங்கியது அதோடு வெளியேறுமாம். இது ஹாவுக்குப் பிடித்துப்போயிற்று. வேலை இடத்திலும் செய்தார். ஒருநாள் நான் கலவையில் தண்ணீரை அதிகமாக விட்டுவிட்டேன். திட்டுக்குக் காத்திருந்தேன். அந்தச் சத்தம் மட்டும் வந்தது. அவருக்கு உடம்புக்கு என்னவோ என்று பயந்தே போனேன்.

4

மாப்பிள்ளை ஃபான் யுன் விஷயத்தில் எனக்குக் குழப்பம். முதலில் எழுதியபோது அவனைக் கெட்டவனாக்கியிருந்தேன். கதைக்கு அது வசதி. ஆனால் குழந்தையின் பை, மெத்தை, மாமியாருக்கு வாங்கிய எள் எண்ணெய் எல்லாவற்றையும் அவனே சுமந்து மாடி ஏறினான். வந்ததும் குழந்தைக்குத் துணி மாற்றினான். இப்படிப்பட்டவனை எங்கே கெட்டவனாக்குவது? அவன் பார்க்கும் வேலைதான் வம்பு. புது வீடு வாங்குகிறவர்களுக்காகப் போய்ச் சுவரையும் தரையையும் தட்டிப் பார்த்துக் குறை சொல்வது. விரல் சும்மா இருக்காது.

பால்கனியில் பேசிக்கொண்டு நின்றவன், குந்தி, ஒரு டைலைத் தட்டினான். ஹாவ் தன் கையால் பதித்த தரை.

"மாமா, இதுக்கு அடியில காத்து இருக்கு."

டைல்ஸ்காரனிடம் இதைச் சொல்வது சமைத்தவளிடம் சோற்றில் கல் என்று சொல்வது மாதிரி. அடுப்படியில் குய்லானின் கரண்டி நின்றது. லீஜுவான் அப்பாவின் முகத்தைப் பார்த்தாள். பிறகு கதவோரம் இருந்த பையைப் பார்த்தாள்.

ஹாவின் கையில் பேரன். முஷ்டியை இறுக்க முடியாது. முறைக்கவும் முடியாது, பையன் நேரே முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். மிச்சமிருந்தது ஒன்றுதான். கிழக்கே திரும்பினார். கண்ணை விரித்தார்.

"ஷ்யூ..."

எங்கள் ஊரில் பிள்ளையின் காலைத் தூக்கிப் பிடித்து, மூத்திரம் போகவைக்கக் கொடுக்கும் சத்தமும் இதுதான். ஹாவ் அதை மறந்திருந்தார். பேரன் மறக்கவில்லை. அடியில் திறந்த கால்சட்டை வேறு. ஹாவின் புதுச் சுவெட்டர் நெஞ்சிலிருந்து இடுப்புவரை நனைந்தது. கல்லீரல் இன்னும் அடங்கவில்லை, இன்னொரு மூச்சு விட்டார். பேரனும் மிச்சத்தை விட்டான்.

5

முடிவு ஒன்று: எல்லாரும் சிரித்தார்கள், கோபம் பறந்தது. (கலவை இவ்வளவு இளக்கமாக இருந்தால் ஒட்டாது.)

முடிவு இரண்டு: அவர் கத்தினார். குழந்தை வீறிட்டது. லீஜுவான் பையை எடுத்து

(கை ஓடவில்லை.)

அவர் சொன்னது இவ்வளவுதான். குழந்தையை மகளிடம் கொடுத்துவிட்டு, நனைந்த சுவெட்டரோடு குந்தி அவரும் தட்டினார். டொக் என்று உள்ளே வெற்றிடமாகக் கேட்டது. பக்கத்து டைலைத் தட்டினார். அதுவும் டொக். மாப்பிள்ளை அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தான்.

அப்புறம் என்று கேட்டேன். மணியாச்சு என்று சட்டையில் கிடந்த ரொட்டித் துணுக்கை உதறிவிட்டு எழுந்து போய்விட்டார்.

ஆகவே அவர் கத்தினாரா இல்லையா என்று எனக்குத் தெரியாது. என் கண்ணால் பார்த்ததை வேண்டுமானால் சொல்கிறேன். அவர் இதை என்னிடம் சொல்வதற்கு முன்பே, பால்கனியில் அது நடந்த மறுநாள் காலை, விடுமுறையும் அதுவுமாக, என் வீட்டு வாசலில் வாளியோடு வந்து நின்றார்.

"கொஞ்சம் கெட்டியா கலந்து குடு. சாயங்காலத்துக்குள்ள பால்கனிய முடிக்கணும்."

"தனியாவாண்ணே? நான் வரட்டா?"

"ஆளு இருக்கு," என்றார். "வேல ஒண்ணும் தெரியாது. ஆனா காது நல்ல காது."

வாளியைத் தூக்கிக்கொண்டு அவசரமில்லாமல் நடந்தார். பின்னாலேயே போய் எட்டிப் பார்த்திருக்கலாம். போகவில்லை. அந்த வீட்டுக்குள் நடந்ததை நீங்களே எழுதி முடித்துக்கொள்ளுங்கள்.